பகல் ஒரு மணிச் சோறு

எங்கள் லயத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கு வரும். ஐந்தரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்காகத் தோட்டத்து ஜெனரேட்டரை அந்த நேரத்தில் ஓட்டுவார்கள். விளக்கு வருவதற்கு முன்பே அம்மா எழுந்து விறகடுப்பைப் பற்ற வைத்திருப்பார். நான் கண் விழிப்பது பெரும்பாலும் வாசனையில்தான். ஒரு நாள் வெங்காயம் வதங்கும், ஒரு நாள் பெலாச்சான் சுடும், மாதக் கடைசியில் வெறும் வரக்கோப்பி மட்டும் மணக்கும்.

செரண்டா, மலேசியாவில் ரவாங்குக்கும் பத்தாங் காலிக்கும் இடையில் பழைய ஈப்போ சாலையை ஒட்டிய சின்ன ஊர். முதலில் ஈயம், பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை என்று மண்ணைப் பல கைகள் புரட்டிப் பார்த்த இடம். ஈயம் தோண்டிய குட்டைகளில் பிள்ளைகள் தூண்டில் போடுவார்கள். நான் 1972-இல் இந்த ஊரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா பால்மரம் வெட்டினார்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால்மரக் காடான தீம்பாருக்குப் போவேன். ரப்பர் பால் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் இருட்டு பிரியுமுன்பே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். இடுப்பில் கொசுவர்த்தி புகையும். தோளில் காண்டா கம்பு, இரு முனையிலும் வாளி, ஒரு வாளிக்குள் தூக்குச்சட்டி. முதல் மரத்தை வெட்டுவதற்கு முன் அம்மா செய்கிற காரியம் அந்தத் தூக்குச்சட்டியைத் தாழ்ந்த கிளையில் தொங்கவிடுவது. கயிற்றின் நடுவில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றுவார். எறும்பு அதைத் தாண்டி இறங்காது.

ஒன்பதரை வாக்கில் வெட்டு முடியும். மங்குகளில் பால் சொட்டிச் சேர்வதற்கு இன்னும் நேரம் இருக்கும். அந்த இடைவெளிதான் பசியாறும் நேரம். அம்மா கீழே உட்கார்ந்து விரல்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை ஒவ்வொரு விரலாக உரிப்பார். மெல்லிய தோல் போலச் சுருண்டு வரும். அதைத் தூக்கி எறியமாட்டார், ஒட்டுப்பால் பையில் போடுவார். பிறகு பாட்டில் தண்ணீரில் கை கழுவிச் சட்டியைத் திறப்பார். அடியில் சோறு அல்லது தடியாகச் சுட்ட கோதுமை ரொட்டி, மேல்தட்டில் நெத்திலிச் சம்பல். சில நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கு. ஆயா மட்டும் மரவள்ளியைத் தொடமாட்டார். சப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருசம் அதையே தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் அவர். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தன் அண்ணன் திரும்பவில்லை என்பதையும் அந்தக் கிழங்கைப் பார்க்கும்போதுதான் சொல்வார்.

மரத்தடியில் அந்தச் சம்பலுக்கு இருந்த ருசி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. பசி ஒரு காரணம்தான். நான்கு மணிக்குச் சமைத்து ஐந்தரை மணி நேரம் கழித்து, நிழலில் தொங்கி ஆறிய பிறகு தின்பதற்கென்றே அம்மா அதைச் சமைத்திருந்தார் என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து வருசம் ஆனது.

தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் எங்கள் தோட்டத்து மரங்களைச் சாய்த்தார்கள். நாங்கள் செரண்டாவில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்தோம். முதுகுவலியால் அம்மா செம்பனைக் காட்டு வேலைக்குப் போகவில்லை. 1992-இல் நான் சுங்கை சோ பக்கம் ஓர் ஆலையில் சேர்ந்தேன். நாள் சம்பளம் 12 வெள்ளி. அப்போது அந்த வட்டாரமே மாறிக்கொண்டிருந்தது. பெரோடுவா நிறுவனம் 1993-இல் தொடங்கி 1994-இல் சுங்கை சோவிலிருந்து கஞ்சில் காரை வெளியே விட்டது. உளி பிடித்தவர்களின் பிள்ளைகள் சீருடை போட்டு ஆலை பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

ஆலையில் சாப்பாட்டு நேரம் பகல் ஒரு மணிக்கு, முப்பது நிமிடம். கேண்டினில் வரிசையில் நின்றால் பதினைந்து நிமிடம் அதிலேயே போய்விடும். சோறு, ஒரு காய், ஒரு துண்டுக் கோழி 2 வெள்ளி 50 காசு. என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அது. "நான் கட்டித் தர்றேன் பாப்பா, இருபது வருசமா கட்டின கை" என்றார் அம்மா.

முதல் வாரம் எல்லாம் சரியாகப் போனது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் தேங்காய்ப்பால் ஊற்றி உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை இறுக்கிக் கொடுத்தார். ஒரு மணிக்கு நான் திறந்தபோது குழம்பின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள். மூடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றில் சொட்டியிருந்தது. புளித்த வாடை மூக்கில் ஏறியது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அக்கா ஒருத்தர், எங்கள் வரிசையில் எல்லாருக்கும் மூத்தவர், தன் பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தி, "மாரி டிக், மாக்கான்" என்றார். வெள்ளைச் சோறு, ஒரு கரண்டி சம்பல். என் கண் கலங்கிவிட்டது. பசியால் அல்ல, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்துத்தான்.

சொன்னேன். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எங்க வெக்கிறே இதை?" என்றார். துத்தநாகக் கூரைக்குக் கீழே இருக்கும் இரும்பு லாக்கரில் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ஒம்பதரைக்குத் திங்கிற சோறு சமைக்கிறேன். நீ ஒரு மணிக்குச் சாப்பிடுறே" என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா ஒரு காரியம் செய்தார். எனக்குக் கட்டும்போதே அதே சோறு, அதே கறியிலிருந்து இரண்டு பிடி எடுத்து, மூடியுள்ள ஒரு சின்ன மங்கில் வைத்துவிடுவார். குளிர்ந்த இடத்தில் அல்ல. வீட்டின் பின்பக்கம், வெயில் அறையும் துத்தநாகத் தாழ்வாரத்தில். பகல் ஒரு மணி அடித்ததும் அதைத் திறந்து சாப்பிடுவார். நான் ஆலையில் எதைத் திறக்கிறேனோ அதையே அவரும் அங்கே திறப்பார். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுமுன்பே கேள்வி வரும்: "பயத்தங்காய் தண்ணி விட்டுருச்சில்ல? உனக்குமா?"

அவர் அந்த மங்கில் கண்டுபிடித்தவற்றை நான் இன்றும் மீறுவதில்லை. தேங்காய்ப்பால் வாரநாளில் கட்டுச்சோற்றுக்குள் வராது. தேங்காய் வேண்டுமென்றால் வறுத்து அரைத்த தேங்காய்தான். சோற்றை அடுப்பிலிருந்து இறக்கியதும் அகலத் தட்டில் பரப்பி ஆவியை வெளியே விட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம், விசிறியால் இரண்டு வீசு. அதற்குமேல் திறந்தும் போடக்கூடாது. அரிசியில் வேகவைத்தாலும் சாகாத கிருமிவித்து இருக்கிறது என்றும், வெதுவெதுப்பில் அது பெருகும் என்றும் பின்னாளில் கிளினிக்கில் ஒரு தாதி விளக்கியபோது, அம்மா எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அந்த இடத்துக்குத்தான் வந்திருந்தார் என்று புரிந்தது. பொரியலுக்குத் தண்ணீர் தெளிக்கமாட்டார். உப்பைக் கடைசியில் போடுவார், முதலில் போட்டால் காய் நீர் விட்டுவிடும். கோபிஸை ஒரு மணிக்கு யாரும் விரும்பமாட்டார்கள், அடைத்து வைத்த கோபிஸ் வாடை அப்படி. பாகற்காய், கத்தரிக்காய் இரண்டும் நேரம் ஆக ஆக ருசி கூடும்.

சம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதையில் பாதியை எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் சேர்த்து அரைப்பார். நெத்திலியை முதலில் பொரித்து எடுத்து வைத்துவிடுவார். அதே எண்ணெயில் அரைத்ததைப் போட்டால் முதலில் நீர் கொதிக்கும் சத்தம் கேட்கும், சளசளவென்று. தீயைக் குறைத்து விடாமல் கிண்ட வேண்டும். கால் மணி நேரத்தில் அந்தச் சத்தம் மாறும். சளசளப்பு அடங்கி, எண்ணெய் பொரிகிற மெல்லிய சத்தம் வரும். பச்சைச் சிவப்பு கருஞ்சிவப்பாகும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அப்போதுதான் புளிக்கரைசல், கொஞ்சம் சீனி, கடைசியில் நெத்திலி. "சத்தம் மாறாம இறக்கினா மத்தியானம் புளிச்சிரும்" என்பார். தண்ணீர் வற்றிய சம்பலில் கிருமிக்கு இடமில்லை என்பதை அவர் காதால் தெரிந்து வைத்திருந்தார். என் மகளுக்கு நான் அதைக் கற்றுக் கொடுத்ததும் அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்துத்தான்.

நெத்திலியும் கருவாடும் கோல சிலாங்கூரிலிருந்து வரும். அங்கே பாசிர் பெனாம்பாங் பக்கம் மாமா வீடு. மாதம் ஒரு முறை வரும்போது பழைய நாளிதழில் சுற்றி ஒரு கட்டுக் கொண்டு வருவார். காய்கறி, பாசார் மாலாமில் கடை எடுத்து வைக்கும் நேரத்துக்குப் போனால் பாதி விலை. கங்கோங்கும் மரவள்ளியும் வாழையும் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தன. ஒரு டின் சார்டினில் இரண்டு உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறைய வதக்கிப் பிரட்டுவார். ராத்திரி மூன்று பேர் சாப்பிட்டு மறுநாள் எனக்கும் இருக்கும். வெள்ளிக்கிழமை மீகூன் பிரட்டல். அதையும் நன்றாக வேகவிடமாட்டார். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே இறக்குவார். மீதி வேக்காடு டப்பாவுக்குள் நடக்கட்டும் என்பது கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது புளிச்சாதம். முதல் நாள் இரவே நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சலைக் காய்ச்சி, காலையில் ஆறிய சோற்றில் உதிர உதிரக் கிளறி, வாட்டிய வாழையிலையில் கட்டித் தருவார். இலையை அடுப்புத் தணலுக்கு மேல் மெல்ல இழுத்தால் மேலே பூத்திருக்கும் மெழுகு உருகி, இலை பளபளத்துத் துணி போல மடங்கும். ஒரு மணிக்கு அந்தக் கட்டைப் பிரிக்கும்போது எழும் வாசனைக்கு எங்கள் மேசையே திரும்பிப் பார்க்கும். திருநாவுக்கரசர் பசியோடு திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோனபோது சிவபெருமான் அந்தணராக வந்து பொதிசோறு கொடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. கோவில் உபன்யாசத்தில் அதைக் கேட்ட அம்மா, "என்ன சோறுன்னு சொல்லலியே. புளிச்சோறாத்தான் இருக்கும், வழியில கெடாது" என்றார். எனக்கு அதில் இன்றும் சந்தேகமில்லை.

பாத்திரம் இருக்கும் இடத்தையும் மாற்றினோம். லாக்கரை விட்டு, காற்று வரும் ஒரு ஜன்னல் திண்டில், ஈரத்துண்டால் சுற்றி வைத்தேன். ஈரம் காய்கிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தைக் காட்டியவர் அந்த மலாய் அக்காதான். அவரைக் காக் என்றே கூப்பிடுவோம். பாதிப் பொட்டலத்தில் தொடங்கிய பழக்கம், தினமும் மேசையில் இரண்டு பேர் சாப்பாட்டையும் நடுவில் வைக்கும் அளவுக்கு வந்தது. ஆனால் என் கோழிக்கறியை மட்டும் அவர் எடுக்கமாட்டார். காயும் சம்பலும் புளிச்சாதமும் எடுப்பார். காரணம் ஹலால் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அம்மா கோழியைக் கம்போங்கிலிருந்து வரும் மலாய்க்காரர் கடையில் வாங்க ஆரம்பித்தார். கிலோவுக்குச் சில காசு கூடுதல். "எந்தக் கடைன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார். நான் சொன்ன அன்று காக் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார், சட்டியும் கரண்டியும் எங்களுடையதுதான் என்று தெரிந்தே. அவரும் மாட்டிறைச்சி சமைத்த நாளில் பொட்டலத்தைப் பிரிக்குமுன்பே என்னிடம் சொல்லிவிடுவார். நோன்பு மாதத்தில் நான் ஜன்னல் திண்டுக்குப் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுவேன். சம்பல் கட்டாதே என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன், அந்த வாசனையை எழுப்பி நோன்பில் இருப்பவர்களுக்குச் சங்கடம் தரக்கூடாது. அதைக் கவனித்த காக், பெருநாளுக்கு முன்தினம் ஒரு டப்பா ரெண்டாங் கொண்டு வந்தார். கோழி ரெண்டாங், எனக்கென்றே.

கணக்கு எல்லாம் 555 புத்தகத்தில். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் மளிகைக் கடைக்காரர்கள் தோட்டத்து மக்களின் கடனை எழுதி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் கொடுக்க வேண்டியதைச் சொல்லும் புத்தகமாகவே இருந்தது. நான் புதிதாக ஒன்று வாங்கி, மிச்சப்படுவதை எழுத ஆரம்பித்தேன். அரிசி, காய், எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு நாள் கட்டுச்சோறு ஏறக்குறைய 80 காசு. கேண்டின் விலையில் கழித்தால் 1 வெள்ளி 70 காசு. மாதம் இருபத்தாறு நாள் வேலைக்கு 44 வெள்ளி 20 காசு. மாதாமாதம் பேங்க் சிம்பானானில் போட்டேன். பதினான்கு மாதத்தில் ஓர் ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டி வந்தது. அது வந்த அன்று அம்மா அதற்குள் வைத்த முதல் பொருள் ஒரு வாரத்துச் சம்பல். ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக வதக்கி ஐந்து சின்ன டப்பாவில். அதன் பிறகு அவர் காலையில் நாலரை வரை தூங்கினார். அரை மணி நேரம். அவர் வாழ்க்கையில் அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத்தான் தெரியும்.

பாம்பாயில் 1890-லிருந்தே வீட்டுச் சாப்பாட்டை வேலையிடத்துக்குச் சுமந்து போகும் டப்பாவாலாக்கள் இருக்கிறார்கள். அங்கே சமைப்பவர் காலையில் நிதானமாகச் சமைக்கலாம், சுமப்பவர் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எங்களுக்கு அந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. இருட்டில் சமைத்தவரும் சுமந்தவரும் மரத்தடியில் தின்றவரும் ஒரே பெண்தான். அந்தப் பெண்களின் சமையலை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். தோட்டத்துப் பெரட்டையும் கங்காணியையும் கிராணியையும் பற்றிக் கதைகள் உண்டு. கிளையில் தொங்கிய தூக்குச்சட்டிக்குள் என்ன இருந்தது, அது ஏன் கெடவில்லை என்பதை அந்தப் பெண்களோடு புதைத்துக்கொண்டே வருகிறோம்.

அம்மா 2014-இல் காலமானார். கடைசி வருடங்களில் சர்க்கரை நோயால் கண் மங்கியிருந்தது. அப்போதும் நான் சம்பல் வதக்கும்போது கூடத்தில் உட்கார்ந்தபடி, "இன்னும் சத்தம் மாறலை" என்பார்.

இப்போது என் மகள் வேலைக்குப் போகிறாள். செரண்டாவில் கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூருக்கு. அலுவலகத்தைச் சுற்றிப் பகலில் ஒரு தட்டு நாசி சம்புரும் ஒரு தண்ணியும் 12 வெள்ளிக்குக் குறையாது என்கிறாள். மாதம் இருபத்திரண்டு நாளைக்கு 264 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக வந்து, 2025-இல் 1,700 ஆகியிருக்கிறது. அந்தச் சம்பளத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பகல் சோறு மட்டும் ஏழில் ஒரு பங்குக்கு மேல். 2023-இல் 5 வெள்ளிக்கு மெனு ரஹ்மா என்ற மலிவுச் சாப்பாடு வந்தபோது எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் அதைத் தேடிப் போனார்கள். நல்ல ஏற்பாடு அது. ஆனால் வேலையிடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடை இருக்க வேண்டுமே. அதே வருடம் 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்நாட்டு அரிசி கடைகளில் கிடைக்காமல் போனது. தஞ்சோங் காராங்கில் கண்ணுக்கு எட்டும் தூரம் வயல் இருக்கிறது, இங்கே அரிசி இல்லையே என்று தெருவில் எல்லாரும் அதையே பேசினோம். அந்த மாதங்களில் வாரம் ஒரு நாள் மரவள்ளியும் சம்பலும் கட்டினேன். மகள் அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று வந்து நின்றாள். ஆயா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அலுவலகத்தில் குளிர்சாதனம் இருக்கிறது, மைக்ரோவேவ் இருக்கிறது. அம்மாவின் விதிகளில் சில அங்கே தேவையில்லை. சில வேறு மாதிரி ஆகிவிட்டன. மைக்ரோவேவில் வைத்தால் முட்டைச் சம்பலில் முட்டை ரப்பராகிவிடும். கருவாட்டைச் சூடாக்கினால் அந்த மாடி முழுவதும் மணக்கும். குளிரூட்டிய அறையில் நல்லெண்ணெய் சேர்த்த சோறு இறுகும், அதனால் எண்ணெயைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் முதலில் கேட்டாள்.

அம்மாவின் மங்கில் எனாமல் இரண்டு இடத்தில் பெயர்ந்து கறுத்திருக்கிறது; அதில் சோறு வைப்பதில்லை, அடுக்களைத் தட்டில் இருக்கிறது. நான் ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில் எடுத்து வைக்கிறேன். அவள் அலுவலகக் குளிரறைக்குப் பதிலாக ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டு. ஒரு மணிக்குத் திறந்து, அவள் சூடாக்கும் நாளில் நானும் சூடாக்கி, அப்படியே சாப்பிடும் நாளில் நானும் அப்படியே சாப்பிடுகிறேன்.

இன்று புளிச்சாதமும் பயற்றங்காயும். பயற்றங்காய் இன்னும் கடிபட்டது, தண்ணீர் விடவில்லை. புளிச்சாதத்தில் உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது. காலையில் சரியாகத்தான் இருந்தது, ஆறின பிறகு தூக்குகிறது. கைபேசியில் அவளுக்கு எழுதலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவளிடமிருந்தே வந்துவிட்டது: "அம்மா, உப்பு?"